கரும்பாருக்கு ஒரு விளக்கு

ஜனவரி 9, வியாழன்

பத்தாயிரம் லூமன் என்று டப்பாவில் அச்சடிக்க மை இருந்தால் போதும், வெளிச்சம் தேவையில்லை. காலையிலிருந்து பதினான்கு விளக்குகளைப் பற்றி இணையத்தில் படித்தாயிற்று. எல்லாமே பத்தாயிரம் லூமன், எல்லாமே நூறு மீட்டர் ஆழம் தாங்கும், எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட புண்ணியவான்களில் ஒருவனாவது அதைத் தண்ணீரில் நனைத்திருப்பானா என்பது சந்தேகம்.

எதற்கு இந்தத் தேடல் என்றால், நேற்று சாப்பிடும்போது சுகுணா கேட்டாள். ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"கரும்பாரை இன்னொரு தடவ பாக்கணும். வீடியோல தான். நல்ல வெளிச்சத்துல, அதோட நெசமான கலர்ல. உங்களால எடுத்துட்டு வர முடியுமா?"

பத்து மாதத்தில் அவள் கடலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இது. முடியும் என்று சொல்லிவிட்டேன். அப்பளத்தை நொறுக்கி அவள் தட்டில் போட்டேன், அவள் ஒதுக்கி வைத்தாள்.

"உங்களால" என்றாள் பாருங்கள். காதலித்த நாலு வருடமும், கல்யாணமான பதினொரு வருடமும் எனக்கு 'நீ'தான், 'வாடா போடா'தான். கோபம் வந்தால் மட்டும் அரை நாளைக்கு 'நீங்க' ஆவேன். இப்போது பத்து மாதமாக மரியாதைக்குரியவனாக இருக்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

இந்தக் குறிப்புகளை என் டைவிங் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். கடலில் இறங்கும் எல்லோரிடமும் இப்படி ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு முறை இறங்கி ஏறியதும் தேதி, ஆழம், எத்தனை நிமிடம், தண்ணீர் எவ்வளவு தெளிவு, குறிப்பு என்று நிரப்பிவிட்டு, கூட இறங்கிய ஜோடி கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போடவேண்டும். தனியாக யாரும் இறங்குவதில்லை. அதனால் கையெழுத்து இல்லாத பக்கம் இருக்காது. என் நோட்டில் அறுநூற்றுப் பதினொரு பக்கங்களில் பாதிக்குமேல் சுகுணாவின் கையெழுத்து. அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் அந்தக் கட்டம் காலி. அதற்குப் பிறகு நான் இறங்கவும் இல்லை.

பாண்டிச்சேரியில் நானும் அவளும் பன்னிரண்டு வருடமாக ஸ்கூபா பயிற்சிக்கூடம் நடத்துகிறோம். போர்டில் என் பெயர் முதலில் இருந்தாலும் கெட்டிக்காரி அவள்தான். நானூறு பேருக்குமேல் கடலைக் காட்டிக்கொடுத்தவள். போன வருடம் மார்ச் பதினேழாம் தேதி கரும்பாரில் அவளுக்குக் காதில் அடிபட்டது. உள்காதுச் சவ்வு கிழிந்து இடது காது கேட்காமல் போய்விட்டது. மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். இனி ஜென்மத்துக்கும் ஆழத்துக்குப் போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவளுக்குச் சளி இருந்தது. வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கரும்பார் கரையிலிருந்து முக்கால் மணி நேரப் படகு தூரம். கடலடிப் பாறைத் திட்டைத்தான் மீனவர்கள் பார் என்பார்கள். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் அது கரிக்கட்டை மாதிரி கிடக்கும். ஒரு நாள் சுகுணா சும்மா கைவிளக்கை அதன் விளிம்பில் அடித்தாள். கருப்பெல்லாம் சிவப்பாக மாறியது. அத்தனையும் மென்பவளம். தண்ணீரில் முதலில் காணாமல் போவது சிவப்புதான். பத்து மீட்டருக்குக் கீழே குங்குமம்கூடக் கருப்பாகத்தான் தெரியும். நாம் வெளிச்சம் கொண்டுபோனால்தான் அது தன் நிறத்தைக் காட்டும். அன்றைக்கு முகமூடிக்குள் அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது.



ஜனவரி 16, வியாழன்

சென்னையில் டைவிங் சாமான்கள் வரவழைத்து விற்கும் இம்தியாஸ் பாய்க்கு போன் போட்டேன். கால் மணி நேரம் கேள்வி கேட்டேன். முழு வெளிச்சத்தில் எத்தனை நிமிடம் தாங்கும்? சூடானால் தானாக மங்குமா? நடுவில் மட்டும் பொட்டு மாதிரி வெளிச்சம் விழுமா, அகலமாகப் பரவுமா? சிவப்பை உள்ளபடி காட்டுமா, நீலம் பூசுமா? ஸ்விட்ச் அழுத்துகிற மாதிரியா, திருகுகிற மாதிரியா? எத்தனை ரப்பர் வளையம்?

"சார், பொண்ணுக்கு மாப்ள பாக்குற மாதிரி விசாரிக்கிறீங்க. லைட்டு சார் இது!"

"பாய், நம்பி எறங்கலாமான்னு மட்டும் சொல்லுங்க."

"நம்பிக்கைய நான் எப்படி சார் பார்சல் பண்றது? ரெண்டு மாடல் அனுப்புறேன். பாத்துட்டு ஒண்ணைத் திருப்பி அனுப்புங்க. ஆமா, போன வருசம் ஆன்லைன்ல ஒண்ணு வாங்குனேன்னீங்களே, பெரிய வெளிச்சம்னு. அது என்னாச்சு?"

கடலில் விழுந்துவிட்டது என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

பார்சல் வந்துவிட்டது. ஒன்று குட்டையாக, குண்டாக, பார்க்கவே பிடிக்காத சாம்பல் நிறத்தில் இருக்கிறது. இன்னொன்று கருப்பு, பளபளப்பு, நாலு பட்டன், திரையில் எண்கள் ஓடுகின்றன. எனக்குக் கருப்பைப் பிடித்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

பயிற்சிக்கூடத்தின் பின்பக்கம் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசும் தொட்டி இருக்கிறது. சுகுணா அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தாள். தினமும் மதியம் அப்படித்தான் உட்காருகிறாள். தண்ணீருக்குள் விரல்களை விரிப்பாள், மடக்குவாள், கட்டைவிரலை மேலே காட்டுவாள், ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து வட்டமாக்குவாள். கடலுக்கடியில் பேசும் பாஷை. யாரிடம் பேசுகிறாள் என்று கேட்கவேண்டும் போலிருக்கும், கேட்டதில்லை.

விளக்குகளைக் காட்டினேன். அவள் வலப்பக்கம் நின்று, நல்ல காதுக்குக் கேட்கும்படி, கருப்பின் பெருமைகளைச் சொன்னேன். அவள் நாலு பட்டனையும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். குண்டு விளக்கின் மூடியைத் திருகிக் கழற்றி, ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து, உதட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மணல் துகள் ஒன்று இருந்தாலும் உதட்டுக்குத் தெரிந்துவிடுமாம்.

"இது நல்லாருக்கு," என்றாள்.

"வெளிச்சம் அதைவிடக் கம்மி."

"இருக்கட்டும். பேட்டரி கொறைஞ்சா செவப்பா மின்னுது, பாத்தீங்களா? நம்பகம்னா அதான். அணையறது தப்பில்ல, எல்லாம் ஒருநாள் அணையும். அணையறதுக்கு முன்னாடி சொல்லணும். ஒண்ணுமே நடக்காத மாதிரி எரிஞ்சிட்டு டப்புன்னு இருட்டாச்சுன்னா, அதை நம்பி யாரு கீழ போவாங்க?"

விளக்கைப் பற்றித்தான் சொன்னாள். நான் ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் எடுத்து வரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெள்ளை பெட்ஷீட்டைச் சுவரில் கட்டி இரண்டு விளக்கையும் அடித்துப் பார்த்தேன். கருப்பின் வெளிச்சம் நடுவில் முட்டையின் மஞ்சள் கரு மாதிரி குவிகிறது. படம் எடுத்தால் நடுவில் வெளுத்து ஓரம் இருட்டாகிவிடும். குண்டு ஒரே சீராகப் பரவுகிறது. அவள் சொன்னதுதான் சரி. இதைச் சொன்னால் "எப்பவாவது தப்பா இருந்திருக்கா?" என்பாள். முன்பெல்லாம் என்பாள்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விளக்கு வேண்டியிருந்தது. சாமான் அறையில், சிலிண்டர் காற்றை இழுக்கும் உடைந்த ரெகுலேட்டர்களுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தேன். (இம்தியாஸ் பாயிடம் கடலில் விழுந்துவிட்டது என்றேன் அல்லவா, எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.) கதவைச் சாத்திக்கொண்டு பேட்டரி போட்டு அழுத்தினேன். எரிந்தது, ஐந்து நிமிடத்தில் மங்கியது. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினேன். உடனே பளீரென்று எரிந்தது. உள்ளே எங்கோ இணைப்பு ஆடுகிறது. மறுபடி மங்கியது, மறுபடி ஆட்டினேன். சுவரில் வெளிச்சம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது.

திரும்பிப் பார்த்தால் கதவு திறந்திருந்தது. சுகுணா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சுவரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், போய்விட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

சாவி தேடித்தான் வந்திருப்பாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

எங்களிடம் வேலை செய்யும் பயிற்சியாளன் நந்தகோபால் நல்ல பையன். முப்பது வயதில் பையன் என்றால் கோபித்துக்கொள்வான். இன்று புதிதாகக் கற்க வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவன் மாதிரி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வெளிச்ச பாஷையைச் சொல்லிக்கொடுத்தான். தண்ணீருக்குள் குரல் இல்லை, இருட்டில் கையும் தெரியாது. அதனால் விளக்கால் பெரிதாக ஒரு வட்டம் போட்டால் "நல்லா இருக்கியா?" என்று கேள்வி. பதிலுக்கும் அதே வட்டம். கேட்டவருக்குப் பதில் கொடுக்காமல் இருக்கக்கூடாது. விளக்கை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினால், ஆபத்து, உடனே வா.

அடுத்தது காது. "ஒவ்வொரு மீட்டருக்கும் நின்னு, மூக்கைப் புடிச்சு ஊதி, காதுல அழுத்தத்தை சரி பண்ணணும். அடைச்சா எறங்கவே கூடாது. சளி இருந்தா தண்ணிப் பக்கமே போகாதீங்க. நம்ம சுகுணா மேடத்தையே எடுத்துக்குங்க. அவ்ளோ அனுபவம். ஒரே ஒரு நாள் சளியோட எறங்கினாங்க. அவ்ளோதான்."

எல்லோரும் "ஐயோ" என்றார்கள். ஒரு பெண் குறித்துக்கொண்டாள்.

வகுப்புக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். சுகுணா அந்தப் பக்கம் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், வலது காது எங்கள் பக்கம். காகிதச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

நந்துவைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு நான் சொன்னதுதானே தெரியும்.

பிப்ரவரி 12, புதன்

இன்று சுகுணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று எழுதியது முழு உண்மை இல்லை.

அவளிடம் சொன்னது உண்மைதான். சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய இடப்பக்கம் நின்று சொன்னேன். எந்தக் காது கேட்காதோ அந்தப் பக்கம். ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்லிவிட்டு, பெரிய பாரம் இறங்கினவன் மாதிரி டீ குடிக்கப் போனேன். உலகத்தில் இப்படி ஒரு கோழை இருப்பானா என்று தெரியவில்லை. இருந்தால் அவனோடு ஒரு டீ குடிக்கலாம்.

இங்கே எழுதுகிறேன். காகிதத்துக்கு இடது காது வலது காது கிடையாது.

அன்றைக்குப் படகிலேயே சுகுணா சொன்னாள், லேசாகச் சளி, இடது காது கனமாக இருக்கிறது, மெதுவாக இறங்கிப் பார்க்கிறேன், அடைத்தால் ஏறிவிடலாம் என்று. ஆறு மீட்டரில் அடைத்துவிட்டது. உடனே நின்றாள். காதைத் தொட்டுக் காட்டினாள், கட்டைவிரலை மேலே காட்டினாள்: ஏறலாம். ஜோடியில் ஒருவர் ஏறினால் மற்றவரும் ஏறவேண்டும். அது பால பாடம். நான் இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டே நிமிடம்.

கையில் புது விளக்கு இருந்தது. பத்தாயிரம் லூமன். வேண்டாம், டப்பா விளக்கு என்று அவள் சொல்லியும் வாங்கியது. கீழே கரும்பார் காத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பை வீடியோவில் பிடித்து அவளுடைய பிறந்தநாளுக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்காகத்தான் அவளை விட்டுவிட்டுப் போனேன். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மீட்டரிலேயே நின்றாள். அவள் செய்தது எல்லாமே சரி.

பதினெட்டு மீட்டரில் விளக்கு மங்கியது. தட்டினேன். ஆட்டினேன். இடமும் வலமுமாக, வேகமாக.

கலங்கல் தண்ணீரில் மேலேயிருந்து பார்த்தவளுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன். என் வெளிச்சம் மட்டும் தெரிந்திருக்கும்.

தலைகீழாக வந்தாள். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. பன்னிரண்டு மீட்டரையும் ஒரே பாய்ச்சலில் கடந்தாள். வந்து சேர்ந்ததும் முதல் காரியமாகத் தன் கைவிளக்கால் எனக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டாள். நல்லா இருக்கியா? நான் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே வட்டம் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் காதைப் பிடித்தாள். முகமூடிக்குள் கண்கள் சுழன்றன.

நான் அவளைத் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

படகில் வாந்தி எடுத்தாள். உலகம் சுற்றுகிறது என்று கலியமூர்த்தி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறக்குமுன் நான், "சளி இருந்துச்சு டாக்டர்" என்றேன். பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த வசதி. பிறகு யார் கேட்டாலும் அந்தப் பதில் தானாக வந்தது. அவளுடைய அம்மா கேட்டபோதும். அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் குறிப்பு என்ற இடத்திலும் அதைத்தான் எழுதினேன்: சுகுணாவுக்குச் சளி.

பிப்ரவரி 16, ஞாயிறு

கலியமூர்த்தி அண்ணன்தான் எங்கள் படகு ஓட்டுபவர். இரண்டு விளக்கையும் எரியவிட்டுக் கயிற்றில் கட்டி இருபது மீட்டர் இறக்கி ஒரு மணி நேரம் விட்டோம்.

"இன்னா தம்பி, மீனுக்குத் திருவிழாவா?" என்றார்.

மேலே இழுத்தபோது கருப்பின் திரையில் எண்கள் இல்லை, உள்ளே கடல் இருந்தது. திறந்து பார்த்தால் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி. நரைத்த முடி, என்னுடையது. அந்த அளவு போதும். குண்டு கடைசிவரை எரிந்துவிட்டு, சிவப்பாக மின்னிச் சொல்லிவிட்டுத்தான் அடங்கியது.

அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கரும்பார்ப் பக்கம் பார்த்தார். "அந்தப் பொண்ணு இல்லாம படகு ஒரு பக்கம் சாயிற மாரி கீது தம்பி. கூட்டினு வாயேன் ஒரு நாளு. எறங்க வாணாம், சும்மா குந்தட்டும்."

எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. கடலுக்கு அடியில் அவள் இல்லாமல் எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது என்று தெரியாது. வீட்டில் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். அவளுக்காக ஏங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

இம்தியாஸ் பாயிடம் இன்னொரு குண்டு விளக்கு சொல்லியாகிவிட்டது. கேமராவுக்கு இரண்டு பக்கமும் கையை அகல நீட்டின மாதிரி ஒவ்வொன்று மாட்டவேண்டும். நேராக அடித்தால் தண்ணீரில் மிதக்கும் தூசியெல்லாம் மாவு சலித்தது போலப் படத்தில் விழும். கருப்பைத் திருப்பி அனுப்பமுடியாது, நான்தான் அதைக் கொன்றுவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைய வகுப்பிலும் நந்து அந்த இடத்துக்கு வந்தான். "நம்ம சுகுணா மேடத்தையே எடுத்துக்குங்க..."

"நந்து, நிறுத்து. அது தப்பு," என்றேன்.

எழுந்து முன்னால் போனேன். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றது, நான் இரண்டு விரல் காட்டியது, விளக்கை ஆட்டியது. பழைய விளக்கைக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினேன். "மேலேருந்து இதைப் பாத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு பெண், "ஓடிவருவேன் சார்" என்றாள்.

"அவங்களும் அதைத்தான் செஞ்சாங்க. சளியால இல்ல. என்னால."

நந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் சுகுணா இல்லை. நான் பின்பக்கம் போனேன். சுகுணா தொட்டிக்குப் பக்கத்தில் கையுறைகளை அலசிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் போய் நின்றேன்.

"சுகுணா, அன்னைக்கு நான் விளக்கை..."

"தெரியும்."

"உள்ள பேசுனது கேட்டுச்சா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும். பதினெட்டு மீட்டர்லயே தெரியும். கிட்ட வந்து பாத்தப்ப உள்ளங்கைல தட்டிக்கிட்டு நின்னீங்களே."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? ஆட்டுனது யாரு?"

கையுறையைத் திருகிப் பிழிந்தாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"காது போனது போச்சு. அதுக்காக உன்னை நான் ஒரு நாளும் நொந்துக்கல. நாளைக்கே நீ கீழ ஆட்டுனாலும் நான் வருவேன், என்னால நிக்க முடியாது. ஆனா நானூறு பேருக்குச் சொல்லிக்குடுத்தவ நான். சளியோட எறங்குன கத்துக்குட்டின்னு ஊரே பேசுச்சு. எங்கம்மா போன்ல 'உனக்கு அறிவில்லையாடி'ன்னு கேட்டாங்க. அதையெல்லாம் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியே தயா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

மன்னிச்சிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பிழிவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அன்னைக்கு கம்ப்ரஸர் ஓடும்போது இந்தப் பக்கம் நின்னு என்னமோ முணுமுணுத்தியே. அது என்ன?"

"அதுவும் இதான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஈரக் கையுறையால் என் முகத்தில் ஓங்கி ஒரு அடி. நன்றாக வலித்தது. அடித்துவிட்டு அழுதாள். பதினொரு மாதமாக அவள் அழுது நான் பார்க்கவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். பின்வாசலில் நந்துவின் தலை தெரிந்து மறைந்தது.

இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். நடுவில் எங்கேயோ நான் 'நீ' ஆகியிருக்கிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

அவள் அம்மாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். திட்டினார்கள். நிறையத் திட்டினார்கள். சுகுணா வலது காதைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்காத மாதிரி நடித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீர் தெளிந்துவிட்டது என்று கலியமூர்த்தி அண்ணன் சொன்னார். அடுத்த ஞாயிறு போகலாம். நந்து எனக்கு ஜோடி.

ரப்பர் வளையங்களைச் சுகுணாதான் மாட்டினாள். என்னைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தள்ளி உட்காரச் சொன்னாள், முடி விழுமாம். ஒவ்வொன்றையும் உதட்டில் தேய்த்து, கிரீஸ் தடவி, மூடியைத் திருகினாள். கடைசியில், "நானும் வரேன். படகுல," என்றாள்.

தலை சுற்றினால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"படகும்தான் ஆடும், நானும்தான் ஆடுவேன். ரெண்டும் சேந்து ஆடினா நேரா இருக்கும்."

மார்ச் 16, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அண்ணன் அவளுக்காகப் படகு நடுவில் மெத்தை போட்டு வைத்திருந்தார், அவள் அதில் உட்காராமல் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முக்கால் மணி நேரமும் கண்ணை மூடவில்லை.

நங்கூரம் போட்டதும் நந்துவின் பட்டைகளை இழுத்துச் சரி பார்த்தாள், பிறகு என்னுடையதை. "ரெண்டு நிமிசம்னு வெரலக் காட்டுன, வெரல ஒடச்சிடுவேன்," என்றாள். அண்ணன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். மிச்சமிருந்த கைவிளக்கு, அவளுடைய பழையது, அவள் மடியில் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்துத் தண்ணீர். ஆறு மீட்டரில் கயிற்றைப் பிடித்து நின்றேன். அவள் நின்ற இடம். அங்கிருந்து கீழே பார்த்தேன். நந்துவை முன்னால் போகச் சொல்லியிருந்தேன், அவனுடைய வெளிச்சம் மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. இப்படித்தான் பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

கரும்பார் கருப்பாகவே கிடந்தது. இரண்டு விளக்கையும் போட்டேன். சிவப்பு அப்படியே இருந்தது. யாரும் பார்க்காத ஒரு வருடமும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது. விளிம்பு நெடுக மெதுவாக நகர்ந்து, இருபத்திரண்டு நிமிடம் எடுத்தேன். விளக்குகள் ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. அத்தனை நேரமும் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் எப்போதும் வரும் பக்கம். நந்து இருந்தான், நல்லவன், அவன் என்ன செய்வான்.

ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும். உடம்பில் சேர்ந்த காற்று வெளியேற அது கட்டாயம். தலைக்கு மேலே படகின் அடிப்பகுதி நிழலாகத் தெரிந்தது. கேமராவை அண்ணாந்து பிடித்து, இரண்டு விளக்கும் மேலே பார்க்க, கை நீண்ட மட்டும் பெரிய வட்டம் ஒன்று போட்டேன்.

போன வருடம் கேட்காத கேள்வி. நல்லா இருக்கியா?

ஒன்றும் நடக்கவில்லை. நந்து கடிகாரத்தைக் காட்டினான், ஒரு நிமிடம் போய்விட்டது. மறுபடி போட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கலாம். தலை சுற்றிப் படுத்திருக்கலாம். பார்த்தும் பதில் சொல்லாமல் இருக்கலாம், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. மூன்றாவது தடவை போட்டேன்.

படகின் ஓரமாக, தண்ணீர்க் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு கை இறங்கியது. வளையல் போட்ட கை. அதில் விளக்கு. அளந்து வைத்தது போல ஒரே அளவாக வட்டம் போடுகிறவள், இன்றைக்குக் கோணல்மாணலாக, முட்டை மாதிரி ஒன்று போட்டாள். படகு ஆடியது, அவளும் ஆடியிருப்பாள். வட்டம் போட்டு முடித்த கை உடனே மேலே போகவில்லை. இன்னொரு வட்டம் போட்டது. அது அவளுடைய கேள்வி.

பதில் கொடுத்தேன். முகமூடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கடல் தண்ணீர் இல்லை.

மாலை வீட்டில், சுவரில் கட்டிய வெள்ளை பெட்ஷீட்டில் புரொஜெக்டரால் போட்டுப் பார்த்தோம். கரும்பார் சிவக்கத் தொடங்கியதும் சுகுணா எழுந்து போய்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள், அவள் முதுகெல்லாம் சிவப்பாக இருந்தது. இருபத்திரண்டு நிமிடமும் உட்காரவில்லை. முடிந்ததும், "இந்த வெளக்கு நல்ல வெளக்குடா," என்றாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அவளிடம் காட்டினேன். சளி என்ற வரியை அடித்துவிட்டு, நடந்ததை எழுதியிருந்தேன். நிதானமாகப் படித்தாள், ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள், ஒரு வருடமாகக் காலியாக இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு அவளாகவே பக்கத்தைத் திருப்பினாள். அறுநூற்றுப் பதின்மூன்று, இன்றைய தேதி. கூட இறங்கியவர் என்ற இடத்தில் நந்து படகிலேயே கையெழுத்துப் போட்டிருந்தான். அதற்குக் கீழே கிடைத்த சின்ன இடத்தில் சுகுணா தன் கையெழுத்தையும் போட்டாள். ஆழம் என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்த பதினெட்டு மீட்டருக்குப் பக்கத்தில் அவளுடைய பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, 'முழங்கை வரை' என்று எழுதினாள்.